சேர்வராயன் மலையின் சிறிய அடுப்பங்கரைகள்

வீடு கட்டுவதற்கு வரைபடம் போடும் வேளையில் நம் குடும்பங்களில் முதலில் பேசப்படுவது முன்கூடம். விருந்தாளிகள் எத்தனை பேர் அமரலாம், வாசற்கதவுக்குத் தேக்கு போடுவதா வேம்பு போடுவதா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பன அடுத்து வரும். எல்லாம் முடிந்தபின், படிக்கட்டுக்கும் குளியலறைக்கும் இடையில் எஞ்சுகின்ற மூலைக்கு அடுப்பங்கரை என்று பெயர் சூட்டுகிறோம். ஃபஜ்ரு முதல் இஷா வரை அந்த மூலையில் நிற்கப்போகிறவரிடம் கருத்துக் கேட்பது பெரும்பாலும் கடைசியில்தான். அதற்குள் சுவர் எழும்பியிருக்கும்.

பிறகு, இடம் போதவில்லை என்று காலமெல்லாம் குறைப்படுகிறோம். சிறிய இடம் என்பது உண்மையில் எவ்வளவு பெரிய குறை? இக்கேள்விக்கு விடை தேட நமக்கு வரலாறு உதவும். அதற்காகத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சேலம் நகருக்கு வடக்கே, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் வருகின்ற சேர்வராயன் மலையிலேயே அந்த வரலாற்றின் பெரும்பகுதியைப் படித்துவிடலாம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏரியும் காடும் சேர்ந்து பெயர் பெற்ற ஊர் ஏற்காடு. கடந்த 200 ஆண்டுகளில் இம்மலையில் மூன்று வகை வீடுகள் அருகருகே நின்றன. மலைக்குடிகளின் வட்டக் குடிசை ஒன்று. காப்பித் தோட்ட முதலாளியின் பங்களா மற்றொன்று. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு மூன்றாவது. மூன்றிலும் அடுப்பு எரிந்தது. மூன்றிலும் சோறு வெந்தது. ஆனால் அந்த அடுப்பை எங்கே வைப்பது என்று தீர்மானித்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

வட்டக் குடிசையின் அறிவு

சேர்வராயன் மலையின் பழங்குடிகளை மலையாளிகள் என்பர். கேரள நாட்டவரை இச்சொல் குறிக்காது. மலையில் வாழ்ந்து மலையை ஆள்பவர் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் இவர்களைப் பற்றிய பதிவும் உண்டு.

அவர்களுடைய பழைய வீடு தேன்கூட்டைப் போன்ற உருவம் உடையது. பிளந்த மூங்கிலைப் பின்னி, மண் பூசிச் சுவர் எழுப்புவர். மேலே புல் வேய்ந்த கூம்புக் கூரை தாழ்ந்து இறங்கும். உள்ளே இருப்பது சிறிய இடம். சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் அங்கேதான். தலைக்கு மேலே தானியம் சேமிக்கப் பரண் இருக்கும். சாமை, கேழ்வரகு, தினை ஆகிய மலைத் தானியங்கள் அங்கே ஏறும்.

இந்த அமைப்பைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். அடுப்பின் புகையும் வெப்பமும் மேலெழுந்து பரணைத் தொடுகின்றன. மூடுபனியும் மழையும் மிகுந்த மலையில் தானியத்துக்கு முதற்பகை ஈரம். இரண்டாம் பகை பூச்சி. அடுப்பின் சூடு ஈரத்தை விரட்டுகிறது; புகை பூச்சியை விரட்டுகிறது. கூரைப் புல்லும் அதே புகையால் நெடுநாள் உழைக்கிறது. இரவின் குளிருக்கு அதே தணல் கதகதப்பாகிறது. ஒரு நெருப்பிலிருந்து நான்கு பயன். தரையில் இடம் இல்லை என்பதற்காகத் தானியத்தை வெளியே வைக்காமல், தலைக்கு மேலுள்ள வெற்றிடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்று நாம் லாஃப்ட் என்று சொல்லிக் கட்டுவதன் தாய் அந்தப் பரணே ஆகும்.

ஆயினும் இந்த அறிவுக்கு ஒரு விலை இருந்தது. தானியத்தைக் காத்த அதே புகை, அடுப்பூதிய பெண்ணின் கண்ணையும் மார்பையும் தாக்கியது. சன்னலற்ற சுவரும் தாழ்ந்த வாசலும் குளிரைத் தடுத்ததைப் போலவே புகையையும் உள்ளே தடுத்து வைத்தன. நன்மையைப் போற்றும் நாம் இந்தத் தீங்கையும் சேர்த்தே எழுதவேண்டும்.

சமவெளியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் இவ்வாறே குறுகிய இடத்தை நுணுக்கமாக ஆண்டன. கூரையிலிருந்து தொங்கிய உறி, எறும்புக்கும் பூனைக்கும் எட்டாத அலமாரியாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய அடுக்குப் பானைகள், ஒரு பானை நிற்கும் இடத்தில் ஐந்து பானைகளை நிறுத்தின. அஞ்சறைப் பெட்டி, கடுகும் சீரகமும் மிளகும் ஒரே கையெட்டில் இருக்கும்படி செய்தது. கொடியடுப்பு, ஒரு வாயில் இட்ட விறகின் மீந்த அனலைப் பக்கத்து வாய்க்கு அனுப்பி, சோறு வேகும் நேரத்தில் குழம்பையும் கொதிக்கவைத்தது. இவற்றை வடிவமைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நாள்தோறும் அடுப்பின் முன் அமர்ந்தவர்களே இவற்றைக் கண்டிருக்க வேண்டும் என்பதை அவற்றின் பயனே சொல்லும்.

காப்பி வந்தது, வீடு மாறியது

சேர்வராயன் மலையின் வாழ்வைப் புரட்டிப்போட்டது காப்பி. அந்தக் காப்பியின் வரலாற்றில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருப்பதற்காகக் கஹ்வாவை அருந்தினர். 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் எனும் பெரியவர் ஹஜ் பயணத்திலிருந்து திரும்புகையில் யமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த மலைத்தொடர் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் எனும் ஸ்காட்லாந்துக்காரர். காப்பியோடு ஆப்பிள், பேரி, ஆரஞ்சு போன்ற பழமரங்களையும் அவர் அறிமுகம் செய்தார். அதன்பின் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் ஒவ்வொருவராக மலையேறினர். காடு தோட்டமாயிற்று. நிழல் மரங்களின் கீழ்க் காப்பிச் செடியும், மரங்களின்மேல் மிளகுக் கொடியும் ஏறின.

முதலாளிக்குப் பங்களா எழுந்தது. அக்கால ஐரோப்பியரின் பங்களாக்களில் சமையற்கட்டைப் பெரும்பாலும் வீட்டை விட்டு விலக்கிப் பின்புறத்தில் கட்டினர். புகையும் நெடியும் தீப்பயமும் துரைமாரை எட்டக்கூடாது என்பதே அதன் நோக்கம். சமையற்காரர் புகைக்குள் நின்று சமைப்பார்; பணியாளர் முற்றம் கடந்து உணவைச் சுமந்து செல்வார். இடத்துக்குப் பஞ்சமே இல்லாத மனையில் கட்டப்பட்ட அடுப்பங்கரை அது. அங்கு உழைத்தவரின் வசதியை எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. ஏனெனில் அங்கே சமைத்தவர் வேறு, உண்டவர் வேறு, வரைபடம் போட்டவர் வேறு.

தொழிலாளர்க்கு வரிசை வீடுகள் எழுந்தன. ஒரே நீண்ட கூரை; அதன்கீழ் சுவரால் பிரித்த அறைகள்; ஓர் அறைக்கு ஒரு குடும்பம். தென்னாட்டு மலைத்தோட்டங்கள் எங்கும் இதுவே வழக்கமாயிற்று. லைன் வீடு என்று இங்கே சொல்கிறார்கள். கடல் கடந்து இலங்கையின் மலையகத்துக்குச் சென்ற தமிழர் இதையே லயம் என்றனர். சேலம், திருச்சி, மதுரை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து அங்கே காப்பித் தோட்ட வேலைக்கும், இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலை வேலைக்கும் சென்றவர்கள் அவர்கள்.

இலங்கை லயத்தின் அறைக்குக் காம்பரா என்று பெயர். அதன் அளவு ஏறத்தாழ 10க்கு 12 அடி. முன்னால் ஒரு குறுகிய திண்ணை. அதற்கு இஸ்தோப்பு என்று பெயர். பல குடும்பங்களுக்கு அந்த இஸ்தோப்பின் மூலையே அடுப்பங்கரை. அங்கே இடம் இல்லாதபோது படுக்கும் அறையிலேயே அடுப்பு எரிந்தது.

இப்போது வட்டக் குடிசையையும் காம்பராவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பரப்பளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. ஆனால் குடிசையைக் கட்டியவர் அதிலேயே வாழ்ந்தார். தானியம் எங்கே, நெருப்பு எங்கே, உறக்கம் எங்கே என்பதை எண்ணிக் கட்டினார். காம்பராவைக் கட்டியவர் எண்ணியது எத்தனை ஆட்களை எத்தனை செலவில் தங்கவைக்கலாம் என்பதை மட்டுமே. பரண் இல்லை, புகை போக வழி இல்லை, பாத்திரம் கழுவ மேடை இல்லை. குடிசையில் சிறுமை சிக்கனமாக இருந்தது. காம்பராவில் அதே சிறுமை துன்பமாக மாறிற்று.

சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களில் தொழிலாளர்க்கும் குடும்பத்தார்க்கும் குடியிருப்பு வசதி அளிப்பது முதலாளியின் கடமை என அச்சட்டம் விதித்தது. ஒரு மனிதன் தன் வீட்டாருக்குச் சமைத்துப் போடும் இடம் எப்படி இருக்கவேண்டும் என்பது அரசு கவனிக்கவேண்டிய நீதிப் பிரச்சினை என்பதை நாடு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

ஓர் இளம்பெண் அளந்த அடுப்பங்கரை

சிறிய அடுப்பங்கரையை அறிவுத்துறையாக்கிய நிகழ்ச்சி ஐரோப்பாவில் நடந்தது. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் வீடில்லாதோர் பெருகினர். பிராங்க்பர்ட் நகராட்சி, எர்ன்ஸ்ட் மை என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கான சிறிய வீடுகளைக் கட்டத் தொடங்கியது. அவ்வீடுகளுக்கான சமையலறையை வரைந்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி எனும் ஆஸ்திரியப் பெண்மணி. ஆண்டு 1926, அப்போது அவருக்கு 29 வயது.

அவருக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ 6 அடி அகலமும் 11 அடி நீளமும் மட்டுமே. தொடர்வண்டியின் உணவுப் பெட்டியில் மிகக் குறுகிய இடத்தில் நூறு பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை அவர் கூர்ந்து பார்த்தார். சமைக்கும் பெண் எத்தனை முறை நடக்கிறாள், எங்கே திரும்புகிறாள், எதற்குக் குனிகிறாள் என்று நேரம் கணக்கிட்டு ஆராய்ந்த நூல்களைப் படித்தார். பிறகு வரைந்தார்.

காய் நறுக்கும் பலகையைச் சன்னலின் கீழ் வைத்தார். வெளிச்சம் கைமேல் விழுந்தது. பலகையிலேயே ஒரு பள்ளம் அமைத்துக் கழிவை வழித்துவிடச் செய்தார். அமர்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி வைத்தார். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்கு மூக்குள்ள அலுமினியப் பெட்டிகளைப் பெயர் எழுதி அடுக்கினார். மாவுக்கு மட்டும் புழுவைத் தடுக்கும் ஓக் மரப்பெட்டி. ஈக்கள் அண்டாது என நம்பப்பட்ட நீலப்பச்சை நிறத்தைப் பூசினார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை அமைக்கப்பட்டது. இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று விலை கொடுத்து வாங்குவதன் மூலம் இதுதான்.

இவ்வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. அந்தச் சமையலறையை வரைவதற்குமுன் தாம் வீட்டு நிர்வாகம் செய்ததோ சமைத்ததோ இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால், சமையல் தெரியாத ஒருவரும் சிறந்த அடுப்பங்கரையை அமைக்க முடியும். சமைப்பவரைக் கவனித்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். 'அடுப்படி விஷயம் எங்களுக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்கிக்கொள்ளும் ஆண்களுக்கு இதனால் சாக்கு இல்லாமற்போகிறது.

இரண்டாவது பாடம் அதன் குறையிலிருந்து கிடைக்கிறது. அந்தச் சமையலறை ஒருவருக்கு மட்டுமே அளந்து தைத்த சட்டையைப் போன்றது. இன்னொருவர் உள்ளே வந்து உதவ இடமில்லை. மகள் தாயிடம் கற்க, கணவன் மனைவிக்குக் கைகொடுக்க அங்கே வழியில்லை என்று பின்னாளில் பலரும் குறை கூறினர். வேலை எளிதாயிற்று, ஆனால் அந்த வேலை ஒருத்தியின் தலையிலேயே தனியாக விழுந்தது.

புகையிலிருந்து விடுதலை

நம் நாட்டில் அடுப்பங்கரைச் சீர்திருத்தம் புகையிலிருந்து தொடங்கியது. ஹைதராபாத்தில் பொறியியல் ஆய்வு செய்த எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, கோடிக்கணக்கான ஏழைகளின் அடுப்பங்கரையைப் புகையற்றதாக்குவது பற்றி 1953இல் சென்னையில் நூல் வெளியிட்டார். அவருடைய அடுப்பிலும் ஒரே நெருப்பு அடுத்தடுத்த பானைகளைச் சூடாக்கியது. நம் பாட்டிமாரின் கொடியடுப்புக்குப் புகைபோக்கி வைத்தது போன்ற ஏற்பாடு அது.

புகை சிறிய தீங்கு என்று யாரும் எண்ணவேண்டாம். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம் முதலியவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

1955இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி மின்சாரத்தில் இயங்கும் ஈரமாவு அரவை இயந்திரத்தை உருவாக்கினார். தரையில் நிலையாகக் குடியிருந்த ஆட்டுக்கல் மெல்லமெல்ல எழுந்து மேடையேறத் தொடங்கியது. பின்னர் குக்கரும் மிக்சியும் வந்தன. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2016 மே மாதம் ஏழைக் குடும்பப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு தரும் மத்திய அரசின் திட்டம் தொடங்கியது.

இவற்றால் உழைப்பு குறைந்தது. ஆனால் மற்றொன்று நேர்ந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில் இருந்த காலத்துக்குக் கட்டிய அடுப்பங்கரையிலேயே அடுப்பு, சிலிண்டர், மிக்சி, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி எல்லாம் வந்து நெரிந்தன. இயந்திரம் வந்தது; இடம் மாறவில்லை. இன்று நம் பெண்கள் படும் நெருக்கடியின் வரலாற்றுக் காரணம் இதுவே.

நபியின் இல்லம் காட்டும் வழி

சிறிய இல்லம் என்றதும் நம் உள்ளம் மதீனாவுக்குச் செல்வது இயல்பு. மஸ்ஜிதுந் நபவீயை ஒட்டியிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியர் இல்லங்கள் சுடாத பச்சைச் செங்கல்லும் பேரீச்ச மட்டையும் கொண்டு கட்டப்பட்டவை. சிறுவராயிருந்தபோது அவற்றின் கூரையைத் தம் கையால் தொட முடிந்ததாக ஹஸன் பஸ்ரீ (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை எத்துணைக் குறுகியது எனில், நபியவர்கள் இரவுத் தொழுகையில் ஸஜ்தா செய்ய வேண்டுமானால் அன்னையார் தம் கால்களை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்தடுத்துப் பிறைகள் தோன்றி மறைந்தும் அங்கே அடுப்பு மூட்டப்படாத நாட்கள் இருந்ததையும், பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்ததையும் அன்னையார் அறிவித்துள்ளார்கள்.

இச்செய்திகளை எடுத்துக்காட்டி, 'அன்று அவர்கள் வாழவில்லையா, நீ ஏன் முணுமுணுக்கிறாய்' என்று இல்லத்தரசியின் வாயை அடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நீதியன்று. ஏனெனில் அதே அன்னையாரிடம், நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குச் செல்வார்கள் என்று விடையளித்ததாக புகாரீயில் பதிவாகியுள்ளது. அந்தக் குறுகிய இல்லத்தில் இரண்டாவது இணைக் கைகளுக்கு இடம் இருந்தது. பிராங்க்பர்ட் சமையலறையில் இல்லாத வசதி அது. எளிமையை நபிவழி என்று போற்றுபவர், வீட்டுப் பணியில் பங்கு கொள்வதையும் நபிவழியாக ஏற்கவேண்டும்.

அல்மாஊன் அத்தியாயத்தில் அற்பமான புழங்குபொருளைக்கூட இரவல் தர மறுப்போரை இறைவன் கண்டிக்கின்றான். பானை, வாளி, கோடரி போன்றவையே அப்பொருட்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) போன்றோர் விளக்கியுள்ளனர். நம் ஊர்களில் பள்ளிவாசல்களிலும் ஜமாஅத்திலும் பெரிய தேக்சாக்களையும் சஹன்களையும் வைத்திருந்து, கல்யாணத்துக்கும் கந்தூரி விருந்துக்கும் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இக்கருத்தின் வாழும் வடிவமாகும். ஆண்டுக்கு இருமுறை தேவைப்படும் தேக்சாவுக்காக ஒவ்வொரு வீட்டிலும் 4 சதுர அடியை அடைத்து வைக்கவேண்டியதில்லை. ஊருக்குப் பொதுவான பாத்திர அறை, ஊரிலுள்ள ஒவ்வொரு அடுப்பங்கரையையும் சற்றுப் பெரிதாக்கிவிடுகிறது.

நம் இல்லங்களுக்கு

இவ்வளவு வரலாற்றிலிருந்தும் நடைமுறைக்குக் கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, பரணின் பாடம். தரை சிறிதானால் சுவரை நோக்குங்கள். அன்றாடம் எடுப்பவை தோளுக்கும் இடுப்புக்கும் இடையில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை எடுப்பவை இடுப்புக்குக் கீழே. பெருநாளுக்கு மட்டும் எடுப்பவை பரணில். கனமான பாத்திரத்தைத் தலைக்கு மேலே ஏற்றவேண்டாம். ஏற்காடு போன்ற ஈரப்பதம் மிகுந்த மலையூர்களில் வாழ்வோர் மிளகு, மல்லி, மாவு முதலியவற்றை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல் இறுக மூடிய டப்பாக்களில் உட்சுவர்ப் பக்கம் வைப்பது நலம். வெளிச்சுவர் குளிர்ந்து வியர்க்கும். பூஞ்சணம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

இரண்டாவது, வேலையின் வரிசை. பொருளை எடுத்தல், கழுவுதல், நறுக்குதல், சமைத்தல் என்ற ஒழுங்கில் குளிர்பதனப் பெட்டி, தொட்டி, மேடை, அடுப்பு ஆகியவை அமையட்டும். தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே குறைந்தது 2 அடி வெற்று மேடை வேண்டும். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் இடமும் மின்செருகியும் சுவர் எழுமுன்பே குறிக்கப்படவேண்டும்.

மூன்றாவது, மேடையின் உயரம். கொத்தனார் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு வைப்பார். ஆனால் நம் வீட்டில் நிற்பவர் ஒருவரே. அவரை நேராக நிற்கச் செய்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து ஏறத்தாழ 4 அங்குலம் கீழே மேடை அமைந்தால் முதுகு வளையாது, தோளும் தூங்காது. இந்த ஓர் அளவு பல ஆண்டு இடுப்பு வலியைத் தடுக்கும்; அதற்கு ஒரு காசும் செலவில்லை.

நான்காவது, காற்றும் நெருப்பும். புகையும் ஆவியும் மேலே போகும். ஆகவே அடுப்புக்கு மேற்புறம் வெளியேற்றும் விசிறி வேண்டும். சமையல் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே தரையை ஒட்டியும் ஒரு காற்றுத்துளை இருக்கவேண்டும். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்கவேண்டும். காற்றுப் புகாத அலமாரிக்குள் பூட்டக்கூடாது. இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும் நெருப்பையும் விளக்கையும் அணைக்கவும் நபியவர்கள் கட்டளையிட்டார்கள். உறங்குமுன் ரெகுலேட்டரை மூடுவது அக்கட்டளையைப் பேணுவதே ஆகும்.

ஐந்தாவது, இரண்டாமவருக்கு இடம். ஒருவர் நடக்க 3 அடி போதும். இருவர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் பணிசெய்ய 4 அடி வேண்டும். அதற்கும் வழியில்லாத வீட்டில், அடுப்பங்கரைக்கு வெளியே சுவரில் மடக்கும் பலகை ஒன்று பொருத்துங்கள். காய் நறுக்குவதையும் இடியாப்பத்துக்கு மாவு பிசைவதையும் கணவரோ பிள்ளைகளோ அங்கே அமர்ந்து செய்யலாம். பணி முடிந்ததும் பலகை சுவரோடு சுவராக மடங்கிவிடும்.

ஆறாவது, மிகையை விடுதல். உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாது என்ற இறைக்கட்டளை பாத்திரங்களுக்கும் பொருந்தும். ஓராண்டாகக் கையில் எடுக்காத பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். புதுக்குடித்தனம் தொடங்கும் ஏழை மணமக்களுக்கு அவற்றைக் கொடுத்தால் அவர்களின் அடுப்பங்கரை நிறையும்; நம்முடையது விரியும்.

இவை அனைத்துக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அது செங்கல்லும் சிமெண்டும் வருவதற்குமுன் நிகழவேண்டும். வரைபடத்தைச் சுருட்டிப் பொறியாளரிடம் கொடுப்பதற்குமுன், அதை அடுப்பங்கரைக்கு எடுத்துச் சென்று விரித்து, அங்கே நிற்பவரிடம் கேளுங்கள்: 'உனக்கு எது எங்கே இருந்தால் நலம்?' வாடகை வீட்டில் இருப்போரும் இக்கேள்வியைக் கேட்கலாம். ஒரு பலகையும் நான்கு கொக்கிகளும் மாற்றிவிடக்கூடியவை ஏராளம்.

மூங்கிலும் மண்ணும் தவிர வேறு பொருளில்லாத மலைக்குடிகள், தாம் வாழும் வாழ்வை எண்ணித் தம் அடுப்பை வைத்தார்கள். பொருள் படைத்த தோட்டத் துரைமார், அதில் வாழப்போகிறவரை எண்ணாமல் வரிசை வீட்டைக் கட்டினார்கள். நம் வீட்டு அடுப்பங்கரை இவ்விரண்டில் எதைப் போன்றது என்பதைத் தீர்மானிப்பது சதுர அடிக் கணக்கு அன்று. நம் குடும்பத்தாரிடம் சிறந்தவராக நடந்துகொள்பவரே நம்மில் சிறந்தவர் என்று நபியவர்கள் கற்பித்துள்ளார்கள். அச்சிறப்பை அடையும் வழிகளில் ஒன்று, நாள்தோறும் நமக்குச் சோறிடும் அந்தச் சிறிய மூலையில் வெளிச்சமும் காற்றும் இன்னொருவர் நிற்க இடமும் இருக்கச் செய்வதாகும். அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக.